கருத்துக் கேட்கப்பட்டவர்: ஆய்வு நடுவரின் வரலாறு

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பணி விண்ணப்பங்களில் ஒரு கட்டம் தவறாமல் இடம்பெறுகிறது: நடுவர் மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகள் எத்தனை? அதில் எழுதப்படும் எண் ஒருவருக்கு வேலை தருகிறது, இன்னொருவருக்கு மறுக்கிறது. அந்த நடுவர் யார், அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை என்ன, அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்விகளுக்கு அக்கட்டத்தில் இடமில்லை. ரெஃபரி என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும், அச்சொல் அறிவுலகத்துக்குள் நுழைந்த விதத்தையும் பின்தொடர்ந்தால் இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கிறது.

ஒரு விவகாரத்தைத் தானே முடிவு செய்யாமல், அறிந்தவர் ஒருவரிடம் கருத்துக்காக அனுப்புவதே ஆங்கிலத்தில் ரெஃபர் செய்தல். அவ்வாறு அனுப்பப்படும் விவகாரத்தைப் பெற்றுக்கொள்பவர் ரெஃபரி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் காலத்தில், இச்சொல் அரசியல் வழக்கில் பரவியது. வணிகத் தனியுரிமைகள் கேட்டு மன்னரிடம் விண்ணப்பங்கள் குவிந்த காலம் அது. விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை ஒருவர் கேட்டார். பொன், வெள்ளி இழை செய்யும் உரிமையை இன்னொருவர் கேட்டார். விண்ணப்பம் சட்டத்துக்குப் பொருந்துமா, நாட்டுக்கு நன்மை தருமா என்று ஆராய்ந்து சொல்லும்படி மன்னர் அதைச் சட்ட அறிஞர்களுக்கும் உயர் அலுவலர்களுக்கும் அனுப்பினார். அவர்கள் ரெஃபரிகள் எனப்பட்டனர். உரிமையை வழங்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை, அது மன்னருடையது. கருத்துரைப்பது மட்டுமே அவர்கள் வேலை.

அந்தக் கருத்துகளின் விளைவு 1621இல் வெடித்தது. கைல்ஸ் மாம்பெசன் என்பவர் விடுதி உரிமத்தை வைத்து மக்களைக் கசக்கிப் பிழிந்ததை விசாரித்த நாடாளுமன்றம், இத்தகைய உரிமைகளுக்கு இசைவு சொன்ன ரெஃபரிகள் யார் என்று கேட்கத் தொடங்கியது. மன்னரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் பதில் சொல்லட்டும் என்பது உறுப்பினர்களின் வாதம். அந்த ரெஃபரிகளுள் ஒருவர் பிரான்சிஸ் பேக்கன். புதிய அறிவியல் முறையை வகுத்தவராக இன்றும் போற்றப்படும் அவருடைய நோவம் ஆர்கனம் வெளிவந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதே 1621இல் பேக்கன் பதவியிழந்தது கையூட்டுக் குற்றச்சாட்டின் பேரில்தான். ஆயினும் ரெஃபரிகள்மீது எழுந்த கேள்வியே அவருடைய எதிரிகளுக்கு முதலில் வாயில் திறந்துவிட்டது. முடிவெடுப்பவர் ஒருவர், கருத்துரைப்பவர் இன்னொருவர் எனில் தவறுக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி, ரெஃபரி என்ற சொல்லோடு உடன்பிறந்ததாகவே இருக்கிறது.

விளையாட்டுக் களத்திலும் இச்சொல் முதலில் இதே பொருளில்தான் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கால்பந்தாட்டத்தில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் களத்தில் இருந்தனர். அவர்களுக்குள் கருத்து ஒன்றுபடாதபோது மட்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்த மூன்றாமவரிடம் வழக்குச் சென்றது. அவரே ரெஃபரி. 1891இல் விதிகள் மாறின. ரெஃபரி களத்துக்குள் வந்தார். அம்பயர்கள் எல்லைக்கோட்டுக்குச் சென்றனர். கேட்டால் சொல்பவராக இருந்தவர், கேளாமலே ஊதலை ஊதித் தீர்ப்பளிப்பவராக ஆனார். ரெஃபரி என்றவுடன் இன்று நம் மனத்தில் எழும் உருவம் இந்த இரண்டாமவருடையது. தமிழில் இக்குழப்பம் மேலும் ஒரு படி செல்கிறது. நடுவர் என்றால் விளையாட்டு நடுவர்; இல்லையேல் இறுதியில் தீர்ப்புச் சொல்லும் பட்டிமன்ற நடுவர். ஆய்விதழ் நடுவரையும் அதே சொல்லால் அழைக்கும்போது, தீர்ப்பளிப்பதே அவர் வேலை என்ற எண்ணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

தமிழ் மரபு இப்பணியை வேறு விதமாகவும் கண்டிருக்கிறது. இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் கதையில், நூலுக்கு உரை கண்ட புலவர்கள் தங்களுள் யார் உரை மெய்யுரை என்று துணிய முடியாமல் ஒரு காரணிகனை வேண்டுகின்றனர். ஐந்து வயது ஊமைப் பிள்ளையான உருத்திரசன்மன் அந்த இருக்கையில் அமர்த்தப்படுகிறான். எல்லோருடைய உரையையும் கேட்ட அவன், மருதன் இளநாகனார் உரையில் சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரையில் சொல்தோறும் கண்ணீர் வடிக்கிறான். அதுவே முடிவாகக் கொள்ளப்படுகிறது. தொல்காப்பியப் பாயிரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையிலோ வேறொரு கதை. தொல்காப்பியத்தைக் கேளாதே என்று அகத்தியர் தடுக்க, கேட்டருளுமாறு மறுபக்கம் வேண்ட, இடையில் அகப்பட்ட அதங்கோட்டாசான் நூலைக் கேட்டுச் சொல்லுந்தோறும் குற்றம் கூறிவிடுவது என்று தீர்மானிக்கிறார். அவர் கூறிய குற்றம் ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் விடை சொல்கிறார். இவை கதைகள், வரலாற்றுச் சான்றுகளாகா. ஆனால் நூலை மதிப்பிடுபவர் எப்படி இருக்க வேண்டும் என்று உரையாசிரியர்கள் எண்ணினர் என்பதற்கு இவை சான்று. முதல் கதையின் நடுவர் காரணம் சொல்லவில்லை, எனினும் முழுவதும் கேட்டார். இரண்டாம் கதையின் நடுவர் பகையோடு வந்தவர், எனினும் குற்றத்தை நூலாசிரியரின் முகத்துக்கு நேரே சொன்னார். விடை சொல்ல அவருக்கு இடம் இருந்தது. இந்த இரண்டாம் கதையில் உள்ளது எதுவோ, அது இல்லாமல் போனதால் ஒரு மனிதர் இழந்ததைப் பின்வரும் வரலாறு காட்டுகிறது.

ஆய்விதழ்களில் நடுவர் முறை அறிவியலோடு சேர்ந்தே பிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ஃபிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ் இதழைத் தொடங்கியபோது, எதை அச்சிடுவது என்பதை அவரே தீர்மானித்தார். இதழ் அவருடைய சொந்த முயற்சி. 1752இல்தான் சொசைட்டி இதழைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழுவை அமைத்தது. அக்குழு வாக்களித்து முடிவு செய்தது, காரணம் எழுதவில்லை. அச்சான கட்டுரையின் உண்மைக்குச் சொசைட்டி பொறுப்பாகாது என்றும் அறிவித்துக்கொண்டது.

எழுத்துவடிவ அறிக்கை என்ற யோசனை 1831இல் வந்தது. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல், பாரிஸ் அறிவியல் கழகத்தின் வழக்கத்தைப் பின்பற்றி, சொசைட்டிக்கு வரும் கட்டுரைகளைப் பற்றி அறிஞர்கள் அறிக்கை எழுத வேண்டும் என்று முன்மொழிந்தார். கட்டுரைகளை வடிகட்டுவது அவருடைய முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. அறிக்கைகள் அச்சிடப்பட வேண்டும். புதிய ஆய்வின் பொருளை அவை பலருக்கும் விளக்க வேண்டும். சில நேரங்களில் அறிக்கை கட்டுரையைவிடச் சுவையானதாக இருக்கக்கூடும் என்றுகூட அவர் எதிர்பார்த்தார். முதல் சோதனையாக, பூமி, வெள்ளி ஆகிய கோள்களின் இயக்கம் பற்றி ஜார்ஜ் எய்ரி எழுதிய கட்டுரையை ஹியூவெலும் ஜான் வில்லியம் லப்பக்கும் எடுத்துக்கொண்டனர். முதல் கட்டுரையிலேயே இரு நடுவர்களும் முரண்பட்டனர். ஆய்வின் பெருமையை எடுத்துரைக்க வேண்டும் என்றார் ஹியூவெல். அதிலுள்ள குறைகளைச் சுட்ட வேண்டும் என்றார் லப்பக். நடுவர் விளக்குபவரா, குற்றம் காண்பவரா என்ற இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் அறிக்கைகளை அச்சிடும் வழக்கம் நின்றது. எழுதியவர் யார் என்பது மறைக்கப்பட்டது. அறிக்கை குழுவுக்கு உரிய இரகசிய ஆவணமாயிற்று. பலர் படிப்பதற்காக உருவான எழுத்து, சிலர் மட்டும் படிக்கும் எழுத்தாகச் சுருங்கியது.

அந்தச் சுருக்கத்தின் விலையைச் செலுத்தியவர் பம்பாயில் இருந்தார். ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன் 1811இல் எடின்பரோவில் பிறந்த பொறியாளர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குக் கற்பிக்கும் பணியேற்று 1839இல் பம்பாய்க்கு வந்தார். ஐரோப்பாவின் ஆய்வுக் கூடங்களிலிருந்தும் அறிஞர் அவைகளிலிருந்தும் கடல்தொலைவில் இருந்தபடி, வாயுக்களின் இயல்பை ஆராய்ந்து 1845இல் ராயல் சொசைட்டிக்கு ஒரு நீண்ட கட்டுரையை அனுப்பினார். வாயு என்பது எத்திசையிலும் ஓடி ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும் எண்ணற்ற துகள்களின் திரள். அத்துகள்களின் இயக்க ஆற்றலே வெப்பம். வெவ்வேறு வாயுக்கள் கலந்திருக்கும்போது கனமான துகள் மெதுவாகவும் இலேசான துகள் விரைவாகவும் ஓடினாலும், சராசரி இயக்க ஆற்றல் எல்லாவற்றுக்கும் சமம். இன்று இளநிலை இயற்பியல் மாணவர் முதலாண்டில் படிக்கும் இக்கருத்துகளை அவர் எழுதியபோது, வெப்பம் ஒருவகைப் பாய்பொருள் என்ற கொள்கை இன்னும் செல்வாக்கோடு இருந்தது.

கட்டுரை இரண்டு நடுவர்களிடம் சென்றது. ஒருவர் ஆக்ஸ்ஃபோர்டின் வடிவியல் பேராசிரியர் பேடன் பவல். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவரின் தந்தை. கணக்கிடும் திறனையும், அறியப்பட்ட உண்மைகளோடு முடிவுகள் ஒத்துப்போவதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அடிப்படைக் கருதுகோளை ஏற்கத் தயங்கினார். காரணம் சொன்ன தயக்கம் அது. மற்றவர் லப்பக், 1831இன் அதே லப்பக். கட்டுரை வெறும் பிதற்றல், அவையில் வாசிக்கப்படவும் தகுதியற்றது என்ற அளவில் அவர் முடித்துக்கொண்டார். அவர் அறியாதவர் அல்லர். கடல் ஓதங்களைப் பற்றிய ஆய்வுக்காக மதிக்கப்பட்ட கணித அறிஞர். அறிஞர் ஒருவர் ஒரு வரியில் எழுதிய கருத்து, பக்கம் பக்கமாக எழுதப்பட்ட கணக்குகளை மூடிவிட்டது.

1846இல் கட்டுரையின் சுருக்கம் அவையில் வாசிக்கப்பட்டு, சில வரிகள் அச்சாயின. முழுக் கட்டுரை ஆவணக் காப்பகத்துக்குச் சென்றது. அவையில் வாசிக்கப்பட்ட கட்டுரை சொசைட்டியின் உடைமை. அதைத் திருப்பித் தருவதில்லை என்பது அன்றைய விதி. வாட்டர்ஸ்டன் தமக்கென்று படி எடுத்து வைத்திருக்கவில்லை. நிராகரிக்கப்பட்டதோடு, தம் எழுத்தையே அவர் இழந்தார். 1857இல் அவர் பம்பாயை விட்டு ஸ்காட்லாந்து திரும்பினார். அதே ஆண்டு ஜெர்மனியில் கிளாசியஸ் வாயுக்களின் இயக்கக் கொள்கையைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். 1860இல் மேக்ஸ்வெல்லின் கட்டுரை வந்தது. வாட்டர்ஸ்டனின் கட்டுரை காப்பகத்தில் இருக்க, அத்துறை அவரை அறியாமலே வளர்ந்தது. 1883 ஜூனில் ஒருநாள் எடின்பரோ வீட்டிலிருந்து நடக்கச் சென்ற அவர் திரும்பவில்லை.

வாட்டர்ஸ்டன் 1858இல் ஒலியைப் பற்றி எழுதிய கட்டுரையில் தம் பழைய கட்டுரையைக் குறிப்பிட்டிருந்தார். அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு சென்ற ரேலே பிரபு, அப்போது ராயல் சொசைட்டியின் செயலாளர், 1891இல் காப்பகத்திலிருந்து கையெழுத்துப் படியை வெளியில் எடுத்தார். மறு ஆண்டு, அதாவது எழுதப்பட்டு ஏறத்தாழ 47 ஆண்டுகளுக்குப் பின், அது ஃபிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ் இதழிலேயே அச்சானது. ரேலே எழுதிய முன்னுரையில் ஓர் அறிவுரையும் உண்டு: பெரிய செயல்களுக்குத் தகுதி உண்டென்று நம்பும் இளம் ஆய்வாளர், எளிதில் மதிப்பிடத்தக்க சிறிய ஆய்வுகளால் முதலில் அறிவுலகின் ஏற்பைப் பெற்றுக்கொள்வது நல்லது என்பது அதன் சாரம். நிறுவனத்தின் பிழையை வெளிக்கொணர்ந்த அந்த நேர்மையாளரும், பிழையிலிருந்து பெறத்தக்க பாடத்தை ஆசிரியருக்கே சொன்னார், நடுவருக்குச் சொல்லவில்லை.

வாட்டர்ஸ்டன் கதையை மேதையை உணராத மூடர்களின் கதையாகச் சொல்வது எளிது. ஆனால் நடுவர்கள் தவறுவது இயல்பு. புதுமையின்மீது ஐயம் கொள்வது அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. பேடன் பவலின் தயக்கம் காரணத்தோடு வாட்டர்ஸ்டனிடம் வந்து சேர்ந்து, கருதுகோளைத் தெளிவாக்கிக் கட்டுரையைத் திருத்தி அனுப்பும்படி கேட்டிருந்தால், மறுப்பே உதவியாக மாறியிருக்கும். அறிக்கைகள் குழுவை நோக்கி எழுதப்பட்டன. ஆசிரியரை நோக்கி எழுதப்படவில்லை. கேட்கப்பட்டவர் சொன்ன சொல், யாருடைய உழைப்பைப் பற்றியதோ அவரிடம் திரும்பி வருவதற்குப் பாதை இருக்கவில்லை. கேடு அங்கே இருந்தது.

இதற்கு மாறான ஒரு நிகழ்வு, பம்பாய்க்கு வெகுதொலைவு இல்லாத பெங்களூரில், 66 ஆண்டுகள் கழித்து நடந்தது. வி. ராமசாமி ஐயர் 1907இல் தொடங்கிய இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழுக்கு, சென்னையில் பட்டமும் நிலையான வேலையும் இல்லாத இளைஞர் ஒருவர் பெர்னூலி எண்களைப் பற்றிய கட்டுரையை அனுப்பினார். இதழாசிரியர், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எம்.டி. நாராயண ஐயங்கார். கட்டுரையின் முறைகள் புதியவை. படிகள் தாவித் தாவிச் செல்பவை. பழகாத வாசகர் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருங்கியவை. ஐயங்கார் அதை அப்படியே அச்சிடவில்லை, ஒதுக்கிவிடவும் இல்லை. எங்கே விளங்கவில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததை மீண்டும் அனுப்பினார். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே தாள்கள் பலமுறை போய்வந்த பின், 1911இல் கட்டுரை வெளிவந்தது. சீனிவாச ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை அது. கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் பதில் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, ராமானுஜனைக் கணித உலகம் படிக்கக்கூடிய மொழிக்குக் கொண்டுவரும் உழைப்பை ஓர் இந்திய இதழாசிரியர் தொடங்கியிருந்தார். மேதையைக் கண்டுபிடித்தவர் என்ற புகழ் அவருக்கு இல்லை. விளங்கவில்லை என்று சொல்லத் தயங்காததும், எங்கே விளங்கவில்லை என்று சொல்லும் பொறுமையுமே அவர் செய்த பணி.

மறுப்பையும் மதிப்பையும் ஒருசேர வழங்க முடியும் என்பதற்கு 1924 இன்னொரு சான்று. டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் புதிய முறையில் வருவித்த தம் கட்டுரையை, ஜூன் 4ஆம் நாளிட்ட கடிதத்தோடு ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். தகுதியுடையதென்று கருதினால் ஜெர்மன் இதழொன்றில் வெளியிட உதவுமாறு கேட்டுக்கொண்டார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து, அதன் சிறப்பைக் குறிப்பிடும் சில வரிகளோடு வெளியிடச் செய்தார். போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியல் அங்கிருந்து தொடங்கியது. இந்தக் கதை எல்லோரும் அறிந்தது. அதைத் தொடர்ந்து போஸ் அனுப்பிய இரண்டாம் கட்டுரையின் கதை அதிகம் சொல்லப்படுவதில்லை. அதன் முடிவை ஐன்ஸ்டைன் ஏற்கவில்லை. ஏற்காத கட்டுரையையும் அவரே மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். அதனடியில், தாம் ஏன் உடன்படவில்லை என்பதைக் காரணத்தோடு, தம் பெயரோடு எழுதினார். கட்டுரை, மறுப்பு இரண்டையும் வாசகர் பக்கத்துப் பக்கத்தில் படிக்க முடிந்தது.

அதே ஐன்ஸ்டைன் 12 ஆண்டுகளுக்குப் பின் நடுவர் முறையின் மறுபக்கத்தில் நின்றார். ஈர்ப்பலைகள் இருக்க முடியாது என்ற முடிவோடு, நேதன் ரோசனுடன் இணைந்து எழுதிய கட்டுரையை 1936இல் அமெரிக்காவின் ஃபிசிக்கல் ரிவியூ இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் ஜான் டேட் அதை ஒரு நடுவரிடம் அனுப்ப, நடுவர் பத்துப் பக்க அளவில் ஐயங்களை எழுதினார். வெளியிடத்தான் அனுப்பினோம், அச்சிடும் முன் வல்லுநருக்குக் காட்ட இசைவு தரவில்லை என்று எழுதி ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஐரோப்பிய இதழ்களில் பழகியவருக்கு இம்முறை அன்று அவ்வளவு புதியதாக இருந்தது. ஆனால் நடுவர் சொன்னது சரி. அவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது இதழின் பதிவேட்டிலிருந்து 2005இல் உறுதியாயிற்று. தம் அடையாளத்தை வெளியிடாமலே, ஐன்ஸ்டைனின் உதவியாளர் இன்ஃபெல்டுடன் உரையாடி அந்தப் பிழையை அவர் புரியவைத்தார். 1937இல் வேறோர் இதழில் கட்டுரை வந்தபோது அதன் முடிவு தலைகீழாக மாறியிருந்தது. ஐன்ஸ்டைனை ஒரு பிழையான முடிவிலிருந்து காத்தவர், பெயர் தெரியாத ஒரு வாசகர். அவர் காக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்றே: அந்தப் பத்துப் பக்கங்களில் காரணங்கள் இருந்தன; அவை ஆசிரியரை அடைந்தன.

இன்று எங்கும் நிலவும் கட்டாய நடுவர் முறை மிகவும் அண்மைக்காலத்தது. டி.என்.ஏ.வின் அமைப்பைப் பற்றிய வாட்சன், கிரிக் கட்டுரையை 1953இல் நேச்சர் இதழ் வெளி நடுவர்களிடம் அனுப்பாமலே வெளியிட்டது. நடுவர் அறிக்கையைக் கட்டாய நடைமுறையாக அந்த இதழ் ஆக்கியது 1973இல்தான். ஆய்வுகள் பெருகி, அவற்றுக்கான பொது நிதி பெருகி, எது தகுதியான ஆய்வு என்று துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் காட்ட வேண்டிய தேவை வந்தபோது நடுவர் முத்திரைக்கு மதிப்பு ஏறியது. கட்டுரையைச் செம்மைப்படுத்தும் வாசிப்பாக இருந்தது, கட்டுரையின் தகுதிக்குச் சான்றிதழாகவும் மாறியது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்தச் சான்றிதழ்தான். முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் நடுவர் மதிப்பீடு கொண்ட இதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் கோரின. கட்டாயம் வந்ததும் சந்தை வந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு சில நாள்களில் அச்சிட்டுத் தரும் இதழ்கள், தம் அட்டையில் நடுவர் மதிப்பீடு என்று அச்சிட்டுக்கொண்டன. போலி இதழ்களை விலக்குவதற்காக 2019இல் கேர் பட்டியல் வந்தது. 2022 விதிமுறைகளில் ஆய்வேட்டுக்கு முந்திய கட்டுரைக் கட்டாயம் கைவிடப்பட்டது. 2025இல் கேர் பட்டியலும் கைவிடப்பட்டு, இதழ்களின் தரத்தை நிறுவனங்களே அளவிட வேண்டும் என்று ஆனது. இந்த மாற்றங்கள் அனைத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: இதழ் எந்த வகையைச் சேர்ந்தது? கட்டுரையைப் படித்தவர் என்ன சொன்னார், அதனால் கட்டுரையில் எது மாறியது என்ற கேள்வியைப் பட்டியல்களால் கேட்க முடியாது.

அந்தக் கேள்வி உயிரோடு இருக்கும் ஓர் இடமும் இதே விதிமுறைகளில் உள்ளது. முனைவர் பட்ட ஆய்வேடு, நிறுவனத்தைச் சாராத குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்களிடம் செல்கிறது. அவர்கள் எழுதும் அறிக்கையின் அடிப்படையில் நடைபெறும் வாய்மொழித் தேர்வில் ஆசிரியர்களும் பிற ஆய்வாளர்களும் மாணவர்களும் அமரலாம். தேர்வாளர் சுட்டிய குறைகளுக்கு ஆய்வாளர் அவையோர் முன் விடை சொல்ல வேண்டும். அதங்கோட்டாசான் கதையின் அமைப்பு இதுவே. பல துறைகளில் இது மாலை, பொன்னாடை, சிற்றுண்டியோடு முடியும் சடங்காகச் சுருங்கிவிட்டது. அறிக்கையும், பாராட்டுத் தொடர்களை மாற்றி மாற்றி அடுக்கிய இரண்டு பக்கங்களாகிவிடுகிறது. லப்பக்கின் ஒரு வரி மறுப்பைக் கண்டு வருந்தும் நாம், ஒரு வரிப் பாராட்டைக் கண்டு வருந்துவதில்லை. படிக்காமல் மறுத்தல், படிக்காமல் ஏற்றல் ஆகிய இரண்டிலும் ஆய்வாளர் பெறுவது ஒன்றுமில்லை. முதலாவதில் அவர் தம் கட்டுரையை இழக்கிறார். இரண்டாவதில் தம் பிழையை அறியும் வாய்ப்பை இழக்கிறார்.

ரெஃபரி என்ற சொல்லின் முதற்பொருளை மீட்டுக்கொண்டால் கடமைகள் தெளிவாகப் பிரிகின்றன. முடிவு இதழாசிரியருடையது, நடுவர் அப்படிச் சொன்னார் என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இரண்டு அறிக்கைகள் முரண்படும்போது எண்ணிப் பார்ப்பதும், ஒரு வரி அறிக்கையை ஏற்காமல் காரணம் கேட்டுத் திருப்பி அனுப்புவதும் அவர் பொறுப்பு. நடுவரின் வேலை, முழுவதும் படிப்பது. தாம் அறியாத பகுதியை அறியேன் என்று சொல்வது. மறுப்பதாயினும் ஏற்பதாயினும் காரணத்தை எழுதுவது. பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, ராபர்ட்சனும் மறைத்துக்கொண்டார். காரணத்தை மறைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. ஆய்வாளரின் வேலை, நாராயண ஐயங்காரின் குறிப்புகளுக்கு ராமானுஜன் செய்ததைப் போல, விளங்கவில்லை என்ற சொல்லை அவமதிப்பாகக் கொள்ளாமல் மீண்டும் எழுதுவது.

ராயல் சொசைட்டியின் பழைய நடுவர் அறிக்கைகள் இன்று ஆய்வாளர் எவரும் காணத்தக்க ஆவணங்கள். எந்த அறிக்கையும் இரகசியமாக எழுதப்படலாம். இரகசியமாகவே இருந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை. இவ்வாரம் ஏதோ ஓர் இதழிலிருந்து கட்டுரையொன்றை மதிப்பீட்டுக்குப் பெற்றிருக்கும் பேராசிரியரும், முதன்முறையாக அத்தகைய வேண்டுகோளைப் பெற்றிருக்கும் ஆய்வு மாணவரும், அறிக்கையை எழுதி முடித்த பின் ஒரு சோதனையைச் செய்துகொள்ளலாம்: இதைக் கட்டுரையாசிரியர் கையில் கொடுத்தால், அவர் நாளைக் காலை உட்கார்ந்து திருத்துவதற்கு இதில் ஏதேனும் உண்டா? உண்டு என்றால், கேட்கப்பட்டதற்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.